இடது பக்கம் வளரும் வரை

ஜூன் 12, திங்கள்

நாளையிலிருந்து தினமும் எத்தனை அடி நடந்தேன், எத்தனை முட்டை சாப்பிட்டேன், மூச்சு இழுத்துப் பழகும் கருவியில் எத்தனை பந்து எழும்பியது என்றெல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். மருத்துவமனையில் சிஸ்டர் ஜெபராணி கட்டம் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் 'குறிப்பு' என்று ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் மகளிர் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தவளுக்கு அது எப்படிப் போதும்? பரணில் விடுதியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்று காலியாகக் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டிவிட்டேன். கட்டத்துக்குள் அடங்குவது அவர்கள் புத்தகத்துக்கு. மற்றது இதற்கு.

டாக்டர் இளஞ்செழியன் ஒரு காகிதத்தில் என் ஈரலை வரைந்து காட்டினார். பெரிதாக ஒரு வலது பக்கம், சிறிதாக ஒரு இடது பக்கம். வலது பக்கத்தில் ஏழு சென்டிமீட்டருக்குக் கட்டி. புற்றுதான். அதை எடுப்பதானால் வலது பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கப்போகும் இடது பக்கம் மொத்தத்தில் இருபத்தாறு சதவீதம். என் ஈரல் இருக்கும் லட்சணத்துக்கு நாற்பது சதவீதமாவது வேண்டுமாம். இப்போதே கத்தி வைத்தால் கட்டியும் போய்விடும், கட்டிக்குச் சொந்தக்காரியும் போய்விடுவாள். டாக்டர் இதை இன்னும் மரியாதையாகச் சொன்னார்.

வழி இருக்கிறது. ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வலது கிளையை மட்டும் அடைத்துவிடுவார்கள். ரத்தமெல்லாம் இடது பக்கம் போகும். நான்கு வாரத்தில் அது வளர்ந்துவிடும். அதற்குள் நானும் நடந்து, மூச்சு இழுத்து, சர்க்கரையை அடக்கி, பெரிய அறுவையைத் தாங்குகிற உடம்பாக ஆகிவிட வேண்டும்.

நடுவில் காவலாளி வந்து, ஆம்புலன்ஸ் வழியில் ஸ்கூட்டர் நிற்கிறது என்றார். என் கணவர் எழுந்து போனார். அப்போதுதான் டாக்டரிடம் காரணம் கேட்டேன். பன்னிரண்டு வருடச் சர்க்கரை, ஈரலில் படிந்த கொழுப்பு என்றார். விடுதியில் மூன்று வேளையும் மாணவிகளுக்கு முன்னால் வார்டன் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறாதவள்.

"குடியால வருமா டாக்டர்?" என்றேன்.

"உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டா?"

"எனக்கில்ல. அவருக்கு."

"அவர் குடிச்சா அவர் ஈரல்தாம்மா கெடும். உங்களுது எப்பிடிக் கெடும்?" என்று சிரித்தார்.

கணவர் திரும்பி வந்தபோது பேச்சு முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் போயிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், சிக்னலில் நின்றபோது, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "எதனால வந்துச்சுன்னு சொன்னாரா?"

"கேக்கலை" என்றேன்.

நல்ல வெயில். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. விளக்கிச் சொல்லும் இடமா அது?

ஜூன் 13, செவ்வாய்

2,140 அடி. வெள்ளைக்கரு மூன்று. பந்து ஒன்று, அதுவும் அரை மனதாக.

ஜூன் 14, புதன்

நாத்தனார் பேச்சியம்மாள் வந்தார். ஈரலில் கட்டி என்ற செய்தி மட்டும் அவருக்கு எட்டியிருக்கிறது. யாருடைய ஈரல் என்று கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. வாசலில் செருப்பை உதறிவிட்டு நேராகத் தம்பியிடம் போய், அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். இப்படி ஆகும் என்று தனக்குத் தெரியும் என்றார். தம்பி எவ்வளவு இளைத்துவிட்டான் என்றார். என் கணவர் கையை விடுவிக்க முடியாமல் கண்ணால் என்னைக் காட்டினார்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஒனக்கா? ஒனக்கு எதுக்கு?"

டம்ளரைக் கையில் கொடுத்தேன். பிறகு சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, தம்பிக்குத் துணையாக நானும் எப்போதாவது ஒரு வாய் சாப்பிடுவதுண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

முப்பத்திரண்டு வருடமாக இவர் சாயங்காலம் ஆறு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு போய்வருவதை உறவுக்காரர்களிடம் 'வாயுத் தொந்தரவு, காற்றாட நடக்கிறார்' என்றே சொல்லி வந்திருக்கிறேன். ஒருவர் விடாமல் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

ஜூன் 16, வெள்ளி

ஹைதராபாத்திலிருந்து மகள் கயல்விழி கூப்பிட்டாள். நான் மூச்சுக் கருவியின் குழாயை வாயில் வைத்திருந்ததால் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

"அம்மா, அப்பா குடிச்சுக் குடிச்சு கடைசியில ஒன்னையச் சீக்காளி ஆக்கிட்டாரு. டாக்டரே சொல்லியிருப்பாரே" என்றாள்.

பாதி மூச்சில் நிறுத்தக் கூடாது என்பது மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் இயன்முறைக்காரர்களின் கண்டிப்பான உத்தரவு. நான் முழுதாக இழுத்து, பிடித்து, விட்டேன். குழாயை எடுப்பதற்குள் அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருந்தார். கயலிடம் பிறகாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு மீட்டிங் இருந்தது.

ஆறு மணிக்கு அவர் சட்டை மாட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மதுக்கடை விடுமுறையோ என்னவோ. விசாரிக்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

அவருக்கு உடம்பு சரியில்லை. முட்டையில் மஞ்சள் கருவைப் பிரிக்கும்போது கை நடுங்கி இரண்டை வீணாக்கினார். காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை, வேர்வை. சொல்லும்படியாக ஒன்றும் சாப்பிடவில்லை.

மோட்டார் அறையில் பழைய ஒயர்ச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மூன்று நாளாகப் பார்க்கிறேன், அளவு குறையவில்லை. வேறு எங்காவது புதிதாக ஒன்று வைத்திருப்பார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். எந்தக் கம்பியை எங்கே கொண்டுபோய் இணைப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 19, திங்கள்

குழாயை அடைத்தார்கள். மயக்கம் தரவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு இடையே ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டார்கள். பக்கத்துத் திரையில் என் ஈரலின் ரத்த ஓட்டம் தெரிந்தது. மேலேயிருந்து வைகையையும் அதன் வாய்க்கால்களையும் பார்க்கிற மாதிரி இருந்தது. வலது வாய்க்கால் ஒவ்வொரு கிளையாக மங்கி மறைந்தது. இனி எல்லாத் தண்ணீரும் இடது பக்கத்து வயலுக்கு. விவசாயிகள் சண்டைக்கு வராத ஒரே அணை இதுதான் என்று அந்த டாக்டரிடம் சொன்னேன். அசையாமல் படுக்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது இவர் எழுந்து நின்றார். நேற்றைப் போல நடுக்கம் இல்லை. முகம்தான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

ஜூன் 23, வெள்ளி

மூன்று நாள் காய்ச்சல், வலி. வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

இவர் சமைக்கிறார். கல்யாணமாகி இதுவரை அடுப்படியில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், பாசிப்பயறு வேகவைத்துக் கொண்டுவந்தார். உப்பே இல்லை. மறந்துவிட்டாரா என்று கேட்டதற்கு, சிஸ்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதால் யோசித்துத்தான் போடவில்லை என்றார். விடுதியில் பதினொரு சமையல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை.

முழுவதையும் சாப்பிட்டேன். புரதம் வேண்டுமே.

ஜூன் 26, திங்கள்

இயன்முறைக் கூடத்தில் ஒருவர் அறிமுகமானார். அந்தோணிமுத்து, வாடிப்பட்டிக்காரர், ஐம்பத்து நாலு வயது. பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறவர். கல்யாணத்துக்கும் வாசிப்பார், சாவுக்கும் வாசிப்பார். அவருக்கும் வலது பக்கத்தில் கட்டி. எனக்கு அடைத்ததற்கு மறுநாள் அவருக்கும் அடைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருந்து ஈரலை இறுக்கிவிட்டதாம். பேண்டு செட்டு முழுவதும் தள்ளாடும் நாட்களிலும் இவர் மட்டும் சோடா குடிப்பவராம்.

மூச்சுக் கருவியை அவர் கையில் கொடுத்ததும் மூன்று பந்துகளும் மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றன. எண்ணிக்கொண்டிருந்த பெண் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். என் கருவியில் ஒரு பந்து எழுந்து, யோசித்து, இறங்கியது.

"வார்டனக்கா, ஊதுறவனுக்கு ஊதுறது வேலையில்ல. இழுக்குறதுதான் வேலை. அவசரப்படாம, தண்ணி குடிக்கிற மாதிரி காத்தைக் குடிங்க" என்றார்.

குடித்தேன். இரண்டாவது பந்து பாதி வரை வந்தது. என் கணவர் வாசலில் நின்று கை தட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூலை 1, சனி

5,300 அடி. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். அவர் குடை, தண்ணீர், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, அடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டு வருகிறார். போனில் அதுவே எண்ணும் என்று சொல்லியாகிவிட்டது. போனை நம்ப மாட்டாராம்.

பிரதான சாலைக்குத் திரும்பும் முனையைத் தாண்டியதும் அவர் வழக்கமாகப் போகும் கடை வருகிறது. காலையில் ஷட்டர் மூடியிருக்கும். அந்த இடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். டயர் கடை.

ஜூலை 4, செவ்வாய்

சர்க்கரை ரிப்போர்ட்டைத் தேடி மருத்துவமனைப் பையைக் கொட்டினேன். என் காகிதங்களுக்கு நடுவே அவர் பெயரில் ஒன்று இருந்தது. சௌந்தரபாண்டியன், வயது 61, வயிற்று ஸ்கேன், ஜூன் 15. 'ஈரலில் லேசான கொழுப்பு. மற்றபடி இயல்பு.'

இயல்பாம். முப்பத்திரண்டு வருடம் குடித்தவருக்கு இயல்பு. விடுதிச் சாம்பாரை ருசி பார்த்தவளுக்கு ஏழு சென்டிமீட்டர். எனக்கு வந்த கோபத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியதாயிற்று.

பிறகு சிஸ்டர் ஜெபராணிக்குப் போன் செய்தேன். இவர் பதினைந்தாம் தேதி தனியாகப் போயிருக்கிறார். தன் ஈரலில் ஒரு துண்டை எடுத்து எனக்கு வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு அது தேவையில்லை என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஒருவேளை தேவைப்பட்டால் என்று திரும்பக் கேட்டிருக்கிறார். வயது தாண்டிவிட்டது, தவிரவும் குடிக்கிறவர்களிடமிருந்து எடுப்பதில்லை என்றிருக்கிறார் சிஸ்டர்.

"குடியை விட்டுடுறேன், எதுக்கும் எம்பேரை எழுதி வச்சுக்கங்கன்னாரும்மா. போக மாட்டேன்னுட்டாரு. சரின்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?" என்றார் சிஸ்டர்.

அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பழைய மடிப்பில் மடிக்க வரவில்லை. நான்கு தடவை பிரித்துப் பிரித்து மடிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 5, புதன்

இரண்டு பந்து.

ஜூலை 8, சனி

இன்று அந்தோணிமுத்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இவர் எங்கள் இருவருக்கும் மோர் வாங்கப் போயிருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அண்ணன் மனசொடஞ்சு கெடக்காரு. தன்னோட குடியாலதான் ஒங்களுக்கு வந்துச்சுங்கிறாரு. குடிக்கிறவன் பக்கத்துல படுத்தா மூச்சுக்காத்துலயே பொண்டாட்டிக்குப் போகுமான்னு என்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியலண்ணேன்னேன். ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

இயன்முறைப் பெண் என்னைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லி எழுந்து போனேன். கூப்பிட்டாளா என்பது இப்போது நினைவில்லை.

இவர் குடியை விட வேண்டுமென்று பட்டினி கிடந்திருக்கிறேன். தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்திருக்கிறேன். கயல் கல்யாணத்தில் மண்டபத்தின் பின்வாசலில் இவரைக் கொழுந்தன் தோளில் தாங்கிக் கொண்டுவந்தபோது காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறேன். அழகர்கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். திரும்பும் வழியிலேயே அது உடைந்தது. இத்தனை பேசியும் நடக்காதது, ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததில் நடந்திருக்கிறது. இருபத்திரண்டு நாள்.

இடது பக்கம் நாற்பதைத் தொடட்டும். அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 11, செவ்வாய்

6,900 அடி. சர்க்கரை அடங்கியிருக்கிறது. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. சுடிதார் தொளதொளவென்று இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மாதிரி இருக்கிறேன் என்றார் இவர். அதைக் கேட்க வயிற்றை ஒரு முழத்துக்கு வெட்டிக்கொள்ளப் போகிறேன்.

மூன்றாவது பந்து லேசாக அசைந்தது.

ஜூலை 17, திங்கள்

அளவு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தோணிமுத்துவுக்கும் இன்றே. இரண்டு பேரும் நீல அங்கியில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எனக்கு முன்னால் உள்ளே போனவர், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 18, செவ்வாய்

நாற்பத்தொன்று.

டாக்டர் படத்தைக் காட்டினார். இடது பக்கம் உருண்டு திரண்டு, விளிம்பெல்லாம் மழுங்கி, நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. இருபத்து நாலாம் தேதி அறுவை. ஆறு நிமிட நடைப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். இவர் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, விட மறந்துவிட்டார்.

அடுத்ததாக அந்தோணிமுத்துவும் அவர் மனைவியும் உள்ளே போனார்கள். கதவு சீக்கிரத்தில் திறக்கவில்லை. வெளியே வந்தபோது அவர்தான் முதலில் பேசினார்.

"என்னக்கா, பாஸா?"

தலையாட்டினேன்.

"எனக்கு இருபத்தேழு இருந்துச்சு. இருபத்தொம்பதுதான் வந்துருக்காம். ஈரல் இறுகிப்போச்சுல்ல, வளர மாட்டேங்குதாம். வெட்ட முடியாதுன்னுட்டாரு. மருந்துலயும் கதிர்லயும் பாப்போம்னுருக்காரு." கையிலிருந்த ரிப்போர்ட் உறையைச் சுருட்டினார். "மூச்சுக்கு நூத்துக்கு நூறு வாங்குனவன் நான்."

அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பத்தொன்பது வருடம் பரீட்சையில் தோற்ற பெண்களுக்கு ஆறுதல் சொன்ன வாய் எனக்கு. இன்று தண்ணீர் பாட்டிலை நீட்டத்தான் தெரிந்தது. கூடத்திலேயே நல்ல மாணவர் அவர்தான். சொன்னதற்கு மேல் நடந்தார், சொன்னதற்கு மேல் இழுத்தார். உள்ளே இருக்கும் ஈரல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. என்னுடையது, நான் ஒருநாளும் நல்லபடியாக நடத்தாதது, கேட்டிருக்கிறது.

இவர் அவர்கள் இருவரையும் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவருவதாகச் சொல்லி, என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். வாசலில் வழக்கம்போல அருகே போய் நின்று முகர்ந்து பார்த்தேன். வேர்வை, பஸ் புகை. வேறொன்றும் இல்லை. அவர் தலையைத் திருப்பாமல், நான் பார்த்து முடிக்கும் வரை, அசையாமல் நின்றார். இதற்கு முன் இப்படி நின்றதில்லை.

இன்று சொல்வதாக இருந்தேன். அந்தோணிமுத்து செய்தி நடுவில் வந்துவிட்டது. துக்கமான நாளில் அது எதற்கு?

ஜூலை 20, வியாழன்

7,200 அடி. மூன்று பந்தும் எழுந்தன. யாரிடமும் சொல்லிக்கொள்ளப் பிடிக்கவில்லை.

ஜூலை 22, சனி

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனோம். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். ரத்தப்போக்கு, தொற்று, மிச்ச ஈரல் வேலை செய்யாமல் போவது, நூற்றில் மூன்று நான்கு பேருக்கு உயிராபத்து. இவ்வளவு தயார் செய்த பிறகு அந்த மூன்று நான்கில் நான் இருக்க மாட்டேன் என்று நம்புவதாகச் சொன்னார். நான் போட்டேன். பேனாவை இவரிடம் கொடுத்தேன்.

இவர் பேனாவைப் பிடித்தபடி, தலை நிமிராமல் கேட்டார்:

"ஒண்ணு மட்டும் சொல்லிருங்க டாக்டர். நான் குடிச்சதுனாலதான் இவளுக்கு வந்துச்சா?"

"இல்லையே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது சர்க்கரையாலயும் கொழுப்பாலயும் வந்தது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க ஒண்ணுமில்லீங்க. மொத நாளே அம்மாகிட்ட சொன்னேனே."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் ஈரலைப் பார்த்தேன். நான்கு துண்டுகளாகக் கழற்றி மாட்டலாம்.

கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணாமல் இருந்தது. வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினார். சிக்னலில் நின்றபோது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்று பின்னால் பஸ் எதுவும் இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

காலையில் எனக்கு வேண்டியதையெல்லாம் பையில் எடுத்து வைத்தார். துண்டு, சீப்பு, மூச்சுக் கருவி, கண்ணாடி. எதையும் மறக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பகல் பதினொரு மணிக்கு வார்டில் சேர்ந்துவிட்டேன். கயல் வந்து சேர்ந்தாள்.

ஆறு மணிக்கு அவர் வெளியே போனார். ஏழரைக்கு வந்தார். ஜன்னல் ஓரமாகவே நின்றுகொண்டார். நானும் பக்கத்தில் வரச் சொல்லவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போவார்கள். பயமெல்லாம் இல்லை. இந்தப் பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்பதுதான் யோசனை. கயலிடம் கொடுத்தால் படித்துவிடுவாள். அவரிடம் கொடுத்தால் படிக்க மாட்டார். அவரிடமே கொடுக்கிறேன்.

ஜூலை 30, ஞாயிறு

எழுத முடிகிறது. ஏழு மணி நேரம் ஆயிற்றாம். கட்டி முழுவதும் போய்விட்டது. குறுக்கே ஒரு பெரிய தையல். இருமும்போது வயிற்றைத் தலையணையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, எல்லோருக்கும் என்னைவிட அதிகமாக முகம் மாறியது. ஐந்தாம் நாள் இறங்கிவிட்டது. இடது பக்கம் வேலைக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர்.

கயலிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். என் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு வராந்தாவில் அப்பாவிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, கண்ணாடிக் கதவு.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. நேற்று வந்தோம். கயல் இன்று காலை ஊருக்குக் கிளம்பினாள்.

மதியம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். உப்பு சரியாக இருந்தது. அந்தோணிமுத்துவிடம் போனில் பேசினாராம். சிகிச்சை ஆரம்பித்துவிட்டார்களாம். ஞாயிறு ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போகிறாராம். பிறகு கஞ்சியை ஒருமுறை கிண்டிவிட்டார்.

"ஏன் மங்கை எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க மறுபடி போயிருப்பீங்க."

யோசித்தார். "போயிருப்பேன்" என்றார்.

"தப்புதான். நாப்பது நாளா ஒங்களை அப்பிடி வதைச்சிருக்கக் கூடாது."

தன் துண்டால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

"ஆபரேசனுக்கு மொத நாள் குடிச்சேன்" என்றார். "கோவம். நேராக் கடைக்குத்தான் போனேன்."

"தெரியும்."

"மறுநாள் பூராவும் எனக்கு ஒரே நெனப்பு. ஏதாச்சும் ஆகிருச்சுன்னா கடைசியா ஒன்னையப் பாத்தப்ப நான் தள்ளி நின்னுருக்கேனேன்னு."

எனக்குத் தையல் வலித்தது. தலையணையை எடுத்து அழுத்திக்கொண்டேன். இருமல் எதுவும் வரவில்லை.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் இல்ல. ஆனா இனிமே விடுறதுக்குக் காரணமும் இல்லையே. டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். சிரிக்கத்தான் செய்தார் என்று நினைக்கிறேன்.

ஆறு மணிக்குச் சட்டை மாட்டினார். நானும் எழுந்து செருப்பைப் போட்டேன்.

"நீ எங்க?"

"டாக்டர் தெருவுல நடக்கச் சொல்லியிருக்காரு. தனியா விடக் கூடாதுன்னும் சொல்லியிருக்காரு."

தயங்கினார். பிறகு கையை நீட்டினார். ஒரு கை அவரிடம், ஒரு கை வயிற்றில். ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே வந்தார். நூறில் மூச்சு வாங்கியது. இருநூறாவது அடியில், தையற்கடை வாசலில், இதற்கு மேல் முடியாது என்றேன். அவர் சாலை முனை வரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை மெதுவாகத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்ததும் எனக்குக் காப்பி போட்டார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

தினமும் ஐம்பது அடி கூட்ட வேண்டும் என்பது சிஸ்டர் ஜெபராணியின் உத்தரவு. எங்கள் வாசலிலிருந்து கடை எண்ணூறாவது அடியில் இருக்கிறது. நான் உத்தரவை மீறாதவள். எப்படியும் இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.